மறுதொடக்கத்துக்குப் பிறகும் மாறாத மவுஸ் பெயர்கள்: யூடெவ் விதிகளோடு ஒரு செய்முறைப் பதிவு

என் மேசைக் கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குகிறது, மேசைச்சூழல் எக்ஸ்எஃப்சிஇ. அதில் மூன்று மவுஸ்கள் நிரந்தரமாகச் செருகப்பட்டிருக்கின்றன. விசைப்பலகையின் வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இருக்கும் இரண்டும் ஒரே மாடல். வலது மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுப்பதற்காக மதியத்துக்கு மேல் இடக்கைக்கு மாறிவிடுவது என் வழக்கம்; அப்போது இடப்பக்க மவுஸில் மட்டும் பட்டன்கள் இடம் மாறியிருக்க வேண்டும். மூன்றாவது ஒரு பழைய மவுஸ். அதன் இடது பட்டன் செத்துவிட்டது, சக்கரம் மட்டும் இன்னும் வழுக்காமல் சுழல்கிறது. அதைத் தூக்கி எறிய மனமில்லாமல், ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகாக மாற்றிக்கொண்டேன். பைதான் ஸ்கிரிப்ட் ஒன்று அந்த மவுஸைத் தனக்கென்று பிடித்துவைத்துக்கொண்டு, சக்கரம் நகரும்போதெல்லாம் ஒலியளவை மாற்றும்.

இந்த ஏற்பாடு கணினியை மறுதொடக்கம் செய்யும்வரை நன்றாக இருந்தது. ஸ்கிரிப்ட் திறந்தது /டெவ்/இன்புட்/ஈவென்ட்6 என்ற சாதனக் கோப்பை. கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) புதுப்பிப்புக்குப் பிறகு கணினி எழுந்தபோது ஈவென்ட்6 என்ற பெயர் விசைப்பலகைக்குப் போயிருந்தது. ஸ்கிரிப்ட் அதையே பிடித்துக்கொண்டதால், எந்த விசையைத் தட்டினாலும் திரையில் ஒன்றும் விழவில்லை. பட்டன்களை மாற்றுவதற்கு எக்ஸ்இன்புட் கட்டளையில் நான் கொடுத்திருந்த எண்ணும் அதேபோல் நகர்ந்து, வலப்பக்க மவுஸ் இடக்கை மவுஸாகியிருந்தது.

எண்கள் ஏன் நகர்கின்றன என்பதை அறிய /ப்ராக்/பஸ்/இன்புட்/டிவைசஸ் என்ற கோப்பை ஒருமுறை படித்தால் போதும். உள்ளீட்டுச் சாதனம் என்று கெர்னல் கருதுபவை மவுஸும் விசைப்பலகையும் மட்டுமல்ல. பவர் பட்டன், ஸ்லீப் பட்டன், பிசி ஸ்பீக்கர், திரை வெளிச்சத்துக்கான வீடியோ பஸ், ஒலி அட்டையில் ஹெட்ஃபோன் செருகப்பட்டதா என்று சொல்லும் ஜாக், எச்டிஎம்ஐ வழிகள் என்று எல்லாமே ஆளுக்கொரு ஈவென்ட் எண்ணை எடுத்துக்கொள்கின்றன. யார் முதலில் பதிவு செய்கிறாரோ அவருக்குச் சிறிய எண். யூஎஸ்பி சாதனங்களைக் கண்டுபிடிப்பதும், ஒலி அட்டையின் டிரைவரை ஏற்றுவதும் ஒன்றுக்கொன்று காத்திராமல் ஒரே நேரத்தில் நடப்பதால், வரிசை ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஆகவே ஈவென்ட்6 என்பது பெயரே அல்ல. ரேஷன் கடையில் கொடுக்கும் டோக்கன் மாதிரி, அன்றைக்கு எத்தனையாவதாக வந்தோம் என்பதைத்தான் அது சொல்கிறது. மவுஸ்0, மவுஸ்1 என்ற பழைய பாணிக் கோப்புகளுக்கும் இதே நிலைதான். அவற்றோடு இருக்கும் /டெவ்/இன்புட்/மைஸ் என்ற கோப்பின் பெயர் மட்டும் மாறுவதில்லை; ஆனால் அது எல்லா மவுஸ்களின் அசைவையும் ஒன்றாகக் கலந்து தருவதால் இங்கே பயன்படாது. எக்ஸ்இன்புட் பட்டியலில் 2, 3 என்ற எண்கள் மட்டுமே எப்போதும் மையச் சுட்டிக்கும் மைய விசைப்பலகைக்கும் உரியவை. மீதமுள்ள எண்கள் வரிசைப்படி வழங்கப்படுபவை.

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் சில நொடிகள் காத்திருப்பைச் சேர்ப்பது, அல்லது டிரைவர்கள் ஏறும் வரிசையைக் கட்டுப்படுத்த முயல்வது. இரண்டையும் நான் தொடவில்லை. எண்ணை நிலைநிறுத்த முயல்வது கெர்னலோடு மல்லுக்கு நிற்பது. எண் எப்படி வேண்டுமானாலும் போகட்டும், சாதனத்தில் மாறாத ஏதோ ஒன்றைப் பிடித்து அதற்கு நாமே ஒரு பெயர் சூட்டிக்கொள்வதுதான் சரியான வழி. அந்தப் பெயரைச் சூட்டும் வேலை, லினக்ஸில் சாதனக் கோப்புகளை நிர்வகிக்கும் யூடெவ்வினுடையது. பழைய வழிகாட்டிகள் சிலவற்றில், விதியில் 'நேம்' என்ற சொல்லைப் போட்டுச் சாதனக் கோப்பின் பெயரையே மாற்றலாம் என்று இருக்கும். இன்றைய யூடெவ்வில் அது பிணைய இடைமுகங்களுக்கு மட்டுமே செல்லும். சாதனக் கோப்புக்குக் கெர்னல் வைத்த பெயர் அப்படியேதான் இருக்கும். அதைச் சுட்டும் கூடுதல் சிம்லிங்க்குகளை (குறுக்குவழிப் பெயர்களை) உருவாக்க மட்டுமே நமக்கு அனுமதி உண்டு. நம் தேவைக்கு அதுவே போதும்.

விதி எழுதுவதற்கு முன், யூடெவ் தானாகவே உருவாக்கிவைத்திருக்கும் சிம்லிங்க்குகளைப் பார்த்துவிடுவது நல்லது. /டெவ்/இன்புட் அடைவுக்குள் பை-ஐடி, பை-பாத் என்று இரண்டு துணை அடைவுகள் இருக்கும். முதலாவது சாதனம் எது என்பதை வைத்தும், இரண்டாவது சாதனம் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதை வைத்தும் பெயர் கொடுக்கின்றன. என் பழைய மவுஸ் வேறு நிறுவனத்துடையது என்பதால் பை-ஐடியில் அதற்குத் தனிப் பெயர் இருந்தது. ஸ்கிரிப்டில் ஈவென்ட்6 என்று இருந்த இடத்தில் அந்தப் பெயரைப் போட்டாலே அதன் சிக்கல் தீர்ந்துவிடும். உங்களிடம் ஒவ்வொரு மாடலிலும் ஒரு மவுஸ்தான் இருக்கிறது என்றால் இதற்கு மேல் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஒரே மாடலில் இரண்டு மவுஸ்கள் இருக்கும்போதுதான் வேலை வளர்கிறது. பை-ஐடி பெயர் தயாரிப்பாளர், பொருள், தொடரெண் ஆகிய மூன்றையும் கோத்து உருவாகிறது. மலிவு விலை மவுஸ்கள் பெரும்பாலும் தொடரெண் எதையும் கணினிக்குத் தெரிவிப்பதில்லை. ஆகவே என் இரண்டு மவுஸ்களும் யூஎஸ்பி-லாஜிடெக்_யூஎஸ்பி_ஆப்டிகல்_மவுஸ்-ஈவென்ட்-மவுஸ் என்ற ஒரே பெயருக்குப் போட்டியிட்டன. அடைவில் ஒரு சிம்லிங்க்தான் இருந்தது. அது இரண்டில் எதைச் சுட்டும் என்பதை நம்பி எதையும் எழுத முடியாது. பை-பாத் அடைவில் மட்டும் இரண்டும் பிரிந்து நின்றன. அங்கே பெயர் பிசிஐ-0000:00:14.0-யூஎஸ்பி-0:3:1.0-ஈவென்ட்-மவுஸ் என்று நீளமாக இருக்கும். முதல் பகுதி யூஎஸ்பி கட்டுப்படுத்தி பிசிஐ பாதையில் இருக்கும் இடம். 3 என்பது செருகுவாயின் எண். கடைசியில் வரும் 1.0 என்பது அந்தச் சாதனத்தின் முதல் அமைவடிவில் பூஜ்யமாவது இடைமுகம். நடுவில் ஹப் இருந்தால் 3 என்பது 3.2 என்று ஆகும். அதாவது மூன்றாவது செருகுவாயில் உள்ள ஹப்பின் இரண்டாவது வாய். ஒன்றுபோல இருக்கும் இரட்டையர்களைப் பிரித்தறிய அவர்கள் உட்காரும் இடத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

அந்த நீண்ட பெயரை எல்லா இடத்திலும் எழுதிவைக்க விருப்பமில்லாததால் சொந்தமாக விதி எழுத முடிவு செய்தேன். சாதனத்தின் அடையாளங்களைப் பார்க்க யூடெவ்-ஏடிஎம் இன்ஃபோ என்ற கட்டளை உண்டு; அதற்கு எல்லாப் பண்புகளையும் காட்டும் விருப்பத்தைக் கொடுத்தால், ஈவென்ட் கோப்பிலிருந்து தொடங்கி, அதன் தாயான இன்புட் சாதனம், அதற்கு மேல் எச்ஐடி (மவுஸ், விசைப்பலகை போன்றவற்றுக்கான பொது நெறி) அடுக்கு, யூஎஸ்பி இடைமுகம், யூஎஸ்பி சாதனம், ஹப், கட்டுப்படுத்தி என்று தலைமுறை தலைமுறையாக மேலே ஏறிக்கொண்டே போகும். இந்தப் பட்டியலில்தான் புதியவர்கள் பெரும்பாலும் இடறுகிறார்கள். மேல்தலைமுறைப் பண்புகளை ஒப்பிடும் 'அட்டர்ஸ்' வகை நிபந்தனைகளை ஒரே விதியில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் அவை எல்லாமே ஒரே ஒரு மூதாதையரிடம் பொருந்த வேண்டும். சாதனத்தின் பெயர் இன்புட் அடுக்கில் இருக்கிறது. தயாரிப்பாளர் எண் யூஎஸ்பி சாதன அடுக்கில் இருக்கிறது. இரண்டையும் ஒரே விதியில் 'அட்டர்ஸ்' ஆகக் கேட்டால், இரண்டுமே பட்டியலில் கண்ணெதிரே தெரிந்தாலும், விதி ஒருபோதும் பொருந்தாது. பிழைச் செய்தியும் வராது. இதைத் தவிர்க்க நான் அட்டர்ஸை விட்டுவிட்டு, யூடெவ்வே ஈவென்ட் சாதனத்தின் மேல் ஒட்டிவைக்கும் பண்புகளான ஐடி_வென்டார்_ஐடி, ஐடி_மாடல்_ஐடி, ஐடி_பாத் ஆகியவற்றையே பயன்படுத்தினேன். என் இரட்டையர்களுக்குத் தயாரிப்பாளர் எண் 046டி, பொருள் எண் சி077.

விதிக் கோப்பு /இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் இருக்க வேண்டும். அதன் பெயர் எந்த எண்ணில் தொடங்குகிறது என்பது அலங்காரமல்ல. மேலே சொன்ன ஐடி பண்புகளை நிரப்புவது 60 என்று தொடங்கும் நிலைப்பெயர் விதிக்கோப்பு. ஆகவே நம் கோப்பு அதற்குப் பிறகு வர வேண்டும். உள்நுழைந்திருக்கும் பயனருக்குச் சாதனத்தைத் திறக்கும் உரிமையைத் தருவது 73 என்று தொடங்கும் கோப்பு. அந்த உரிமையைக் கோரும் ஒட்டு (டேக்) அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 71 என்று வைத்தேன்.

ஒவ்வொரு விதியும் ஒரே வரிதான். சப்சிஸ்டம் 'இன்புட்' ஆக இருக்க வேண்டும். கெர்னல் பெயர் 'ஈவென்ட்*' என்ற வடிவில் இருக்க வேண்டும். ஐடி_இன்புட்_மவுஸ் என்ற பண்பு 1 ஆக இருக்க வேண்டும். ஐடி_பாத் நாம் குறித்துவைத்த இடத்தோடு ஒத்திருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினால் 'இன்புட்/இடமவுஸ்' என்ற சிம்லிங்க்கைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையை வெட்டியான ஒன்று என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. ஒரு மவுஸ் ஈவென்ட் கோப்பையும் மவுஸ் கோப்பையும் சேர்த்தே உருவாக்குகிறது. நிபந்தனை இல்லாவிட்டால் இரண்டும் இடமவுஸ் என்ற பெயருக்கு உரிமை கோரும். மூன்றாவது நிபந்தனை விளையாட்டுக்கான மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அவசியம். அத்தகைய மவுஸ்கள் தங்கள் கூடுதல் பட்டன்களுக்காக ஒரு விசைப்பலகையாகவும் தங்களை அறிவித்துக்கொள்வதால், ஒரே சாதனத்துக்குப் பல ஈவென்ட் கோப்புகள் இருக்கும். சிம்லிங்க் பெயரில் இடைக்கோடு போடாமல் விட்டதற்கும் காரணம் உண்டு: சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி தன் அலகுப் பெயர்களில் சாய்கோட்டுக்குப் பதிலாக இடைக்கோட்டைப் பயன்படுத்துகிறது; நம் பெயரிலேயே இடைக்கோடு இருந்தால் அதைப் பார்க்கச் சகிக்காத குறியீடாக மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

கோப்பைச் சேமித்த பின், விதிகளை மறுபடி படிக்கும்படி யூடெவ்-ஏடிஎம் கண்ட்ரோல் கட்டளையால் சொல்லி, இன்புட் சாதனங்களை மட்டும் மறுபடி தூண்டினேன். இடமவுஸ், வலமவுஸ், ஒலித்திருகு ஆகிய மூன்று சிம்லிங்க்குகளும் உடனே தோன்றின. விதி பொருந்தவில்லை என்றால் யூடெவ்-ஏடிஎம் டெஸ்ட் கட்டளையை அந்தச் சாதனத்தின் மேல் ஓட்டிப் பார்த்தால், எந்தக் கோப்புகள் படிக்கப்பட்டன, கடைசியில் எந்தப் பண்புகள் நின்றன என்பது வரிவரியாகத் தெரியும்.

ஒலித்திருகின் விதியில் பெயரோடு வேறு சிலவற்றையும் சேர்த்தேன். முதலாவது, லிப்இன்புட்_இக்னோர்_டிவைஸ் என்ற பண்பை 1 ஆக்கினேன். அப்படிச் செய்தால் மேசைச்சூழல் அந்த மவுஸை எடுத்துக்கொள்ளாது. அது மேசையில் உருண்டாலும் சுட்டி அசையாது. ஸ்கிரிப்ட் சாதனத்தை முரட்டுத்தனமாகப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டிய தேவையே இதனால் போய்விட்டது. இரண்டாவது, யூஅக்செஸ் என்ற ஒட்டைச் சேர்த்தேன். சாதனக் கோப்பைப் படிக்க உரிமை வேண்டுமென்றால் பயனரை 'இன்புட்' குழுவில் சேர்த்துவிடு என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குழுவில் சேர்ந்த பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரலும் விசைப்பலகையில் தட்டப்படும் கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் படிக்க முடியும். ஒலியளவைத் திருகுவதற்காக வீட்டுக் கதவையே திறந்துவைக்க வேண்டியதில்லை. யூஅக்செஸ் அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் உரிமை தருகிறது. மூன்றாவது, 'சிஸ்டம்டி' என்ற ஒட்டையும், சிஸ்டம்டி_யூசர்_வான்ட்ஸ் என்ற பண்பில் என் சேவைக் கோப்பின் பெயரையும் கொடுத்தேன். மவுஸ் எப்போது செருகப்படுகிறதோ அப்போது ஸ்கிரிப்ட் தொடங்கும். சேவைக் கோப்பில் அந்தச் சாதன அலகோடு பிணைப்பு வரி ஒன்றை எழுதிவிட்டதால், பிடுங்கினால் தானே நிற்கும். உள்நுழைவின்போது காத்திருப்பு நொடிகளை எண்ணும் வேலை இல்லை.

ஸ்கிரிப்டைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கெர்னல் 5.0 முதல் சக்கரம் ஒரு பல் நகர்ந்தால் இரண்டு செய்திகள் வருகின்றன: வழக்கமான சக்கரச் செய்தி ஒன்று, ஒரு பல்லுக்கு 120 என்ற அளவில் வரும் நுண்செய்தி மற்றொன்று. எல்லா நகர்வுச் செய்திகளையும் கூட்டும் ஸ்கிரிப்ட் ஒலியைச் சட்டென்று உச்சத்துக்குக் கொண்டுபோய்விடும். முதல் வகையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடப்பக்க மவுஸின் பட்டன்களை மாற்றுவது இதைவிடச் சுற்றுவழியாக இருந்தது. எக்ஸ்எஃப்சிஇ தன் மவுஸ் அமைப்புகளைச் சாதனத்தின் பெயரை வைத்தே சேமிக்கிறது. இரட்டையர்களுக்குப் பெயர் ஒன்றே என்பதால் ஒன்றுக்கு இடக்கை என்று குறித்தால் அது மற்றதற்கும் போய்ச் சேரும். எக்ஸ்இன்புட்டில் பெயரைக் கொடுத்தாலும், ஒரே பெயரில் பல சாதனங்கள் இருக்கின்றன, எண்ணைக் கொடுங்கள் என்று எச்சரிக்கிறது. எண்ணோ மாறிக்கொண்டே இருப்பது. திரையையும் உள்ளீட்டையும் கையாளும் எக்ஸ் சேவையகத்தின் அமைவுக் கோப்பில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. யூடெவ் விதியில் ஐடி_இன்புட்.டேக்ஸ் என்ற பண்பில் நமக்குப் பிடித்த ஒரு சொல்லை எழுதிவிட்டால், இன்புட்கிளாஸ் பகுதியில் மேட்ச்டேக் என்ற வரியால் அந்தச் சொல்லைப் பிடித்து, அந்த ஒரு மவுஸுக்கு மட்டும் இடக்கை அமைப்பையும் வேகத்தையும் கொடுக்கலாம். வேகம் -1 முதல் 1 வரையிலான ஒரு எண். இந்த வழி வேலை செய்கிறது. ஆனால் மேசைச்சூழலின் அமைப்பு நிரல் தான் முன்பு சேமித்துவைத்ததை அதன் மேல் எழுதிவிடக்கூடும் என்பதால் அந்தப் பழைய பதிவுகளை முதலில் அழித்துவிட வேண்டும். வேகத்துக்கு மட்டும் இந்த வழியை வைத்துக்கொண்டேன்.

பட்டன்களுக்கு இன்னும் கீழே, கெர்னல் அடுக்கிலேயே மாற்றம் செய்தேன். ஈவ்டெஸ்ட் நிரலை மவுஸின் மேல் ஓட்டி இடது பட்டனை அழுத்தினால், பட்டன் செய்திக்கு முன்னால் 90001 என்ற ஸ்கேன் எண் வருவதைக் காணலாம். வலது பட்டனுக்கு 90002, நடுவிலுள்ள சக்கரப் பட்டனுக்கு 90003. விசைப்பலகையின் விசைகளை மாற்றி அமைக்க யூடெவ் வைத்திருக்கும் உள்ளமைந்த கருவி மவுஸ் பட்டன்களுக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இடமவுஸ் விதியில் கீபோர்ட்_கீ_90001 என்ற பண்புக்கு வலது பட்டனையும், கீபோர்ட்_கீ_90002 என்ற பண்புக்கு இடது பட்டனையும் மதிப்பாகக் கொடுத்து, வரியின் இறுதியில் 'கீபோர்ட்' என்ற அந்த உள்ளமைந்த கருவியை ஓட்டும்படி சொன்னேன். இப்போது எக்ஸ் சேவையகத்துக்கு எட்டும் முன்பே பட்டன்கள் இடம் மாறிவிடுகின்றன. மேசைச்சூழலில் இரண்டு மவுஸ்களையும் வலக்கை என்றே விட்டுவைக்கலாம். விதியை நீக்கிவிட்டுத் தூண்டினால் மட்டும் பழைய நிலை திரும்பாது; மவுஸைப் பிடுங்கிச் செருக வேண்டும்.

இந்தக் கீழடுக்கு வழியின் அருமை, எக்ஸுக்கு மாற்றான வேலேண்டுக்கு மாறுபவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். கேடிஇ பிளாஸ்மா ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி அமைப்பைத் தருகிறது. ஸ்வே என்ற சாளர மேலாளரும் தருகிறது. ஆனால் இரண்டுமே சாதனத்தை அடையாளம் காண்பது தயாரிப்பாளர் எண், பொருள் எண், பெயர் ஆகிய மூன்றை வைத்துத்தான். அதுவும் 046டி, சி077 என்பவற்றைப் பதின்ம எண்ணாக்கி, 1133, 49271 என்று. அங்கேயும் இரட்டையர்கள் இரட்டையர்களே. க்நோம் அமைப்புப் பக்கத்தில் இருப்பது எல்லா மவுஸ்களுக்கும் பொதுவான ஒரே அமைப்பு. கெர்னலில் செய்த மாற்றத்துக்கு இந்த வேறுபாடுகள் எதுவும் பொருட்டல்ல.

ப்ளூடூத் மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு ஐடி_பாத் உதவாது; அந்தச் சாதனம் யூஎஸ்பி செருகுவாய் எதன் கீழும் உட்காருவதில்லை. இன்புட் அடுக்கில் 'யூனிக்' என்ற பண்பில் அதன் ப்ளூடூத் முகவரி இருக்கும். அதை அட்டர்ஸ் நிபந்தனையாகக் கொடுக்கலாம். ப்ளூடூத் கட்டளை முகவரியைப் பெரிய எழுத்தில் காட்டும். யூடெவ் எழுத்தின் அளவையும் சேர்த்தே ஒப்பிடுவதால், யூடெவ்-ஏடிஎம் காட்டும் வடிவத்தையே படியெடுக்க வேண்டும். மறுபடி இணை சேர்க்கும்போது முகவரியை மாற்றிக்கொள்ளும் மவுஸ்களும் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயரை வைத்து எழுதுவதே மேல். ஒரே யூஎஸ்பி ரிசீவரோடு பல கம்பியில்லா மவுஸ்கள் பேசும் ஏற்பாட்டிலும் யூனிக் பண்புதான் கைகொடுக்கும். ஏனென்றால் அங்கே யூஎஸ்பி எண்கள் ரிசீவருடையவை.

இருப்பிடத்தை வைத்துப் பெயரிட்டதற்கு ஒரு விலை உண்டு: செருகுவாயை மாற்றினால் பெயர் போய்விடும். என் இரட்டையர்கள் இருவரும் ஒரு சிறு ஹப்பில் இருக்கிறார்கள். மேசையை நகர்த்தும்போது ஹப்பின் கம்பி கணினியின் வேறு வாய்க்குப் போவது உண்டு. ஆகவே ஐடி_பாத்தை முழுவதுமாக எழுதாமல், கணினியின் வாய் எண் வரும் இடத்தில் நட்சத்திரக் குறியைப் போட்டு, ஹப்பின் வாயை மட்டும் நிலையாக்கினேன்: '*-யூஎஸ்பி-0:*.2:1.0' என்றால் இடமவுஸ், அதே வடிவில் .3 என்றால் வலமவுஸ். ஹப் எங்கே போனாலும் அதன் இரண்டாவது வாயில் இருப்பது இடமவுஸ்தான். இன்னொரு ஹப் சேரும் நாளில் இந்த வடிவம் அதன் இரண்டாவது வாய்க்கும் பொருந்திவிடும் என்பதால், தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் அதே வரியில் கூடுதல் நிபந்தனைகளாக விட்டுவைத்திருக்கிறேன்.